கஷ்டங்களுக்கும் முரண்பாடுகளுக்கும் நடுவில் ஒரே சீரான கிறிஸ்தவ வாழ்க்கை வாழ முடியுமா?

முடியும் என்றுதான் நம்புகிறேன். ஆனால் 'ஒரே சீர்' என்பதை நான் பல வருடம் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன். உள்ளே எது எரிந்தாலும் சபையில் யார் கேட்டாலும் "கர்த்தருடைய கிருபையால் நன்றாயிருக்கிறோம்" என்று சொல்வதுதான் சாட்சி என்று நினைத்தேன்.

தொழில் நொடித்துப்போய்க் கடனில் இருந்த சமயம். கடன் கொடுத்தவர் போன் செய்தார், என் மகன் எடுத்தான். நான் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லி அவனுக்குக் கையைக் காட்டினேன். சொன்னான். வைத்துவிட்டு என்னையே பார்த்தான். அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தை நான்தான் நடத்தினேன், இடையில் கண்ணைத் திறந்தால் அவன் கண்ணை மூடவே இல்லை. மறுநாள் காலையில் நானே அவருக்குப் போன் செய்து, இந்த மாதம் கையில் ஒன்றும் இல்லை, நேற்று வீட்டில்தான் இருந்தேன் என்று சொன்னேன். நன்றாகத் திட்டினார். கடன் அடைய அப்புறமும் மூன்று வருடம் ஆனது. உண்மையைச் சொன்னதால் அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை, ஆனால் ஜெபத்தில் பேசுகிற ஆளும் போனில் பேசுகிற ஆளும் அன்றிலிருந்துதான் ஒரே ஆள் ஆனார்கள்.

சரி, முரண்பாட்டுக்கு வருவோம். நேர்மையாக இருப்பவன் ஏன் கஷ்டப்படுகிறான் என்ற கேள்வியை வேதாகமம் மூடி மறைக்கவே இல்லை. 88-ஆம் சங்கீதம் கடைசி வசனம் வரைக்கும் இருட்டாகவே முடிகிறது, முடிவில் ஆறுதலாக ஒரு வரி கூட இல்லை. அப்போஸ்தலன் பவுல், 'முள்' என்று தான் சொன்ன ஒரு வேதனை நீங்கும்படி மூன்று தரம் வேண்டினார், முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. நேர்மையாக வாழ்ந்தும் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் கடவுளுக்காக வக்காலத்து வாங்கி அத்தனை பேசினார்கள், ஆனால் கடைசி அதிகாரத்தில் கர்த்தர் கோபித்துக்கொண்டது அவர்கள்மேல்தான், முறையிட்டு அழுத யோபுவே சரியாகப் பேசினான் என்றார். இதை வாசித்த பிறகு என் புலம்பலையும் ஜெபத்துக்குள்ளேயே கொண்டுபோக ஆரம்பித்தேன். ஆராதனைக்குப் போக மனமே வராத வாரங்களிலும் போனேன், பாட முடியாவிட்டால் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இன்றைக்கும் எனக்கு விடை கிடைக்காத கேள்விகள் உண்டு. சில ராத்திரிகளில் என் ஜெபம் மாற்கு 9:24-இல் உள்ள அந்த ஒரு வரிதான், விசுவாசிக்கிறேன் என்று சொன்ன அதே மூச்சில் என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்று கண்ணீரோடு கேட்கிறானே ஒரு தகப்பன், அவனுடையது. அவனும் தன் மகனைக் கூட்டிக்கொண்டுதான் இயேசுவிடம் வந்திருந்தான்.