ஈஸ்டைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?

பாம்பனிலிருந்து கேட்ட அண்ணனுக்கு,

மகள் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடிக்கப் போகிறாள், அடுத்து ஈஸ்டில் ஆராய்ச்சி என்கிறாள், ரொட்டி மாவைப் பொங்க வைப்பதைப் படித்து என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள்.

ஈஸ்ட் என்பது ஒரு வகைப் பூஞ்சை, அதில் கேண்டிடாவும் ஒன்று. ஐ.சி.யூ.வில் இருக்கும் நோயாளியின் ரத்தத்தில் அது கலந்தால் உயிருக்கே ஆபத்து. 2009இல் ஜப்பானில் ஒருவரின் காதிலிருந்து கண்டறிந்த கேண்டிடா ஆரிஸ் என்ற வகை, பெரும்பாலும் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்துக்கு அடங்குவதில்லை. 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகள் பட்டியலில் அது முதல் வரிசையில் இருக்கிறது.

மரபணு மாற்றம், மருந்தை வெளியே தள்ளும் பம்பு என்று, மருந்துக்கு அடங்காமல் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. உங்கள் பிள்ளையை இழுப்பது வேறொன்று. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் படகை இழுத்துக் கட்டிவிட்டுக் கரையில் இருப்பீர்கள் இல்லையா? ஈஸ்ட் செல்லும் அப்படித்தான். மருந்து அதன் சவ்வைக் கெடுக்கும்போது உள்ளே கால்சியம் ஏறுகிறது. அதுதான் கூண்டு. கால்சிநியூரின் என்ற புரதம் அந்தச் சைகையை வாங்கித் தற்காப்பு மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. செல் வளராமல் கிடக்கும், ஆனால் சாகாது. ஆய்வகத்தில் கால்சிநியூரினை முடக்கிவிட்டு அதே மருந்தைக் கொடுத்தால் செல் செத்தே போகிறது!

சரி, அதை முடக்கும் மருந்தையே நோயாளிக்குக் கொடுக்கலாமே? முடியாது. நம் நோய் எதிர்ப்புச் செல்களிலும் கால்சிநியூரின் இருக்கிறது. கிட்னி மாற்றியவர்களின் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கத் தரும் டாக்ரோலிமஸ் அதைத்தான் முடக்குகிறது. பூஞ்சையை மட்டும் பிடிக்கும் மருந்துக்காக இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வேலைக்குத்தான் அவள் போக நினைக்கிறாள். எனக்கு இதில் முழுச் சம்மதம்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். படகுக் கடனோடு லட்சக்கணக்கில் கட்டி எம்.எஸ்சி. சேர்க்க வேண்டாம். எம்.எஸ்சி. சேர்வதற்கான நுழைவுத் தேர்வுகளான ஜாம் (JAM), காட்-பி (GAT-B) இரண்டையும் எழுதட்டும். காட்-பி வழியாகச் சேர்ந்தால் மாத உதவித்தொகை உண்டு. அப்புறம் நெட் (NET) தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். பிஎச்.டி.க்கு ஐந்தாறு வருடம் ஆகும், நிரந்தர வேலை அதற்கும் பிறகுதான். அவ்வளவு நாள் பொறுக்க முடியாத நிலை வந்தால், எம்.எஸ்சி.யோடு மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலோ மருத்துவமனை லேபிலோ சேரலாம்.

ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடும். கல்லூரி கடைசி வருடத் தொடக்கத்திலேயே போடச் சொல்லுங்கள்.