பேப்பர் எண்ணிக்கையைத் துரத்தாதீர்கள், தம்பி

எம்.எஸ். ஆர்த்தோ (எலும்பு அறுவைச் சிகிச்சை) முடித்து, இங்கிலாந்தில் கை, தோள் பிரிவில் ஃபெல்லோவாக, அதாவது சிறப்புப் பயிற்சி மருத்துவராக, சேரப்போவதாக எழுதியிருந்தீர்கள். வாடகை, கார், குளிர் எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் ‘கன்சல்டன்ட் ஆக எத்தனை பேப்பர் வேண்டும்?’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். கன்சல்டன்ட் என்றால் இங்கே மூத்த நிபுணர்; பேப்பர் என்றால் ஆய்வுக் கட்டுரை. வாடகையும் குளிரும் தானே பழகிவிடும். பேப்பர் விஷயத்தைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நம்மவர்கள் பலர் வந்த கையோடு பழைய கேஸ் நோட்டுகளைப் புரட்டுகிறார்கள். மணிக்கட்டருகே நாற்பது ரேடியஸ் (முன்கை எலும்பு) முறிவைத் திரட்டி, ‘பிளேட் போட்டோம், நன்றாக இருந்தார்கள்’ என்று எழுதி, காசு வாங்கிக்கொண்டு அச்சிடும் இதழுக்கு அனுப்புகிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மறுதரப்பே இல்லாத அந்தக் கட்டுரையை நம்பி யாரும் சிகிச்சையை மாற்றமாட்டார்கள். நேர்முகத்தில் எடுத்த எடுப்பிலேயே அது தெரிந்துவிடும்.

இங்கே வழக்கத்தை மாற்றியவை பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய சோதனைகள். 2014-இல் வந்த டிராஃப்ட் ஆய்வில் 461 பேர். ரேடியஸ் முறிவுக்குக் கே-வயரா (எலும்பைப் பிடித்து நிறுத்தும் மெல்லிய கம்பி), பிளேட்டா என்பது கேள்வி. ஓராண்டு கழித்து இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 2020-இல் வந்த ஸ்விஃப்ட் ஆய்வு, 2 மி.மீ.க்குள் விலகிய ஸ்கேஃபாய்டு (மணிக்கட்டின் சிறு எலும்பு) முறிவுக்கு மாவுக்கட்டையும் உடனடி ஸ்க்ரூவையும் 439 பேரிடம் ஒப்பிட்டது. 52 வாரத்தில் ஸ்க்ரூவால் கூடுதல் பயன் தெரியவில்லை.

ஸ்விஃப்டின் அந்த எண்ணிக்கை எப்படி வந்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கட்டு வலியையும் செயல்பாட்டையும் நோயாளியே மதிப்பிடும் பி.ஆர்.டபிள்யூ.இ. படிவத்தின் மதிப்பெண்ணில் 6 புள்ளி வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும், திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சிதறும் அளவு) 20, திறன் (வித்தியாசம் இருந்தால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 80 சதவீதம். ஒவ்வொரு தரப்புக்கும் 175 பேர், ஆக 350. ஐந்தில் ஒருவர் திரும்பி வரமாட்டார் என்று வைத்தால் 438. ஒரே மருத்துவமனையில் உட்கார்ந்துகொண்டு இத்தனை பேரைச் சேர்க்க எத்தனை ஆண்டு ஆகும்!

அளப்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். கையின் பிடிவலிமையை அளக்கும் ஜாமார் கருவியில் இரண்டாம் பிடி நிலையை வையுங்கள். முழங்கை 90 டிகிரி, தோள் உடலோடு ஒட்டி, மூன்று தடவையின் சராசரி. ஒருவரின் இரண்டு கையையும் இரண்டு நோயாளிபோல எண்ணினால் புள்ளியியல் கணக்கே தப்பாகிவிடும். பி.ஆர்.டபிள்யூ.இ.யின் 15 கேள்விகளில் கத்தியால் இறைச்சி வெட்டுவது பற்றி ஒன்று உண்டு. சைவம் சாப்பிடும் நம் பாட்டி அதைக் காலியாக விட்டுவிடுவார். படிவத்தைக் கையில் வாங்கும்போதே பாருங்கள். ஆறு மாதம் கழித்துத் தேடி ஒன்றும் கிடைக்காது.

வந்ததும் முதலில் ஜி.சி.பி. (மருத்துவச் சோதனைகளை முறையாக நடத்தும் விதிகள்) பயிற்சியை முடியுங்கள். அடுத்து, உங்கள் மருத்துவமனையில் ஏற்கெனவே நடக்கும் சோதனை ஒன்றில் அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.ஹெச்.ஆரின் அசோசியேட் பி.ஐ. (துணை ஆய்வாளர்) திட்டத்தில் சேருங்கள். ஆறு மாதம், பார்க்கும் வேலையோடு செய்யலாம். இங்கே பயிற்சி பெறாதவர்கள் சான்றுகளைத் தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோ வழியில் ஸ்பெஷலிஸ்ட் ரெஜிஸ்டருக்கு (நிபுணர் பதிவேடு) விண்ணப்பிக்கும்போது காட்ட உருப்படியான சான்று அது. சோதனையை அன்றாடம் நடத்துபவர் ரிசர்ச் நர்ஸ். அவரைக் கிளார்க் போல நடத்தும் நம் டாக்டர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஆடிட் (நடக்கும் சிகிச்சை விதிப்படி இருக்கிறதா என்று சரிபார்ப்பது) என்றால் ஆடிட் பிரிவில் பதிவு போதும். நோயாளிகளைச் சேர்த்துச் செய்யும் ஆய்வு என்றால் எதிக்ஸ் குழு, ஹெச்.ஆர்.ஏ. (ஆய்வுகளுக்கு அனுமதி தரும் அமைப்பு) ஒப்புதல் இரண்டும் வேண்டும். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதாகப் பெயர் மாற்றாதீர்கள். எக்ஸ்ரேயை வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பும் ஊர்ப்பழக்கத்தை விமானம் ஏறும் முன்பே விட்டுவிடுங்கள். இங்கே அதற்கு விசாரணை வரும். ஆசிரியர் வரிசையை ஆரம்பத்திலேயே மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். துறைத்தலைவர் என்பதற்காக மட்டும் யார் பெயரையும் சேர்க்காதீர்கள்.

தோள், கை இரண்டில் எதில் நிபுணராவது என்று இப்போதே முடிவெடுக்க வேண்டாம். கார் கேட்டீர்களே: இந்திய லைசென்ஸில் 12 மாதம் ஓட்டலாம். அதற்குள் இங்கத்திய டெஸ்டுக்குத் தேதி வாங்கிவிடுங்கள், தம்பி, லேசில் கிடைக்காது.