கிண்ணத் தண்ணீரைப் பச்சோந்தி சீந்தாது

வாசகர், ஓசூர்: பெங்களூரில் வாங்கிய ஏமன் பச்சோந்தியைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறோம். கிண்ணத்தில் வைத்த தண்ணீரைத் தொடுவதே இல்லை. கண் குழி விழுந்துவிட்டது. எச்சத்தில் வெள்ளையாக வர வேண்டியது ஆரஞ்சாக வருகிறது. என்ன செய்வது?

உடம்பில் நீர் வற்றியிருக்கிறது, இன்றே கவனியுங்கள். தேங்கிய நீரைப் பச்சோந்தி கண்டுகொள்ளாது. இலையில் உருளும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். காலையில் விளக்குப் போடும் முன்பும், இரவு அணைத்த பிறகும் 2-3 நிமிடம் இலைகள் நனையத் தெளியுங்கள். பகலில் மருந்துக்கடையில் கிடைக்கும் புது ட்ரிப் செட்டைத் தண்ணீர் பாட்டிலில் பொருத்தி, இலை மேல் அரை மணி நேரம் சொட்டவிடுங்கள். ஊசியில்லா சிரிஞ்சால் வாயில் பீய்ச்சவே கூடாது. மூச்சுக்குழல் நாக்கின் அடியில் முன்னாலேயே இருப்பதால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். பகலிலும் கண்ணை மூடிக் கிடந்தால், ஊர்வன பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டுபோங்கள்.

கண்ணாடித் தொட்டியை மாற்றிவிடுங்கள். காற்றோட்டமில்லாத ஈரத்தில் சளி பிடிக்கும். கண்ணாடியில் தன் உருவத்தையே எதிரியென்று நினைத்து மிரளும். 2 அடி நீளம், 2 அடி அகலம், 4 அடி உயரத்தில் அலுமினிய வலைக் கூண்டு வேண்டும். நைலான் வலையைப் பூச்சிகள் கடித்துக் கிழித்துவிடும். உள்ளே செம்பருத்தியும் மணி பிளான்ட்டும் வையுங்கள். பென்சில் தடிமன் முதல் கட்டைவிரல் தடிமன் வரை குச்சிகள் கட்டுங்கள். குளிர்காயும் குச்சியில் 29-32 டிகிரி போதும். யுவிபி (புற ஊதா-பி) கதிர் தரும் நீளக் குழாய் விளக்கு பகலில் 12 மணி நேரம் எரிய வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் கணக்கில் சேராது, கண்ணாடி யுவிபி கதிரைத் தடுத்துவிடும். ஓசூர் இரவுக் குளிர் 15 டிகிரிக்கு இறங்கினாலும் வளர்ந்த பச்சோந்திக்குத் தொல்லையில்லை, ஹீட்டர் வேண்டாம்.

வாசகி, தர்மபுரி: தீனி எவ்வளவு? எங்கள் மாந்தோப்பில் பிடிக்கும் வெட்டுக்கிளியைப் போடலாமா?

வேண்டவே வேண்டாம். பூ பிடிக்கும் பருவத்தில் மாமரத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்து வெட்டுக்கிளியின் உடம்போடு பச்சோந்திக்குள் போகும். தக்காளித் தோட்டத்துப் பூச்சிக்கும் இதேதான்.

ஆறு மாதம் வரை தினமும் 10-12 சிறு பூச்சிகள்; ஒரு வயதுக்கு மேல் ஒருநாள் விட்டு ஒருநாள் 4-6. பூச்சியின் அகலம் பச்சோந்தியின் இரு கண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைத் தாண்டக் கூடாது. வளர்ப்புப் பூச்சிக்கு முந்தின நாளே முருங்கைக்கீரை, கேரட், பூசணி கொடுங்கள். போடும் முன் வைட்டமின் டி3 கலக்காத கால்சியம் பொடியில் லேசாகப் புரட்டுங்கள். டி3 கலந்ததை மாதம் இருமுறைக்கு மேல் தொடாதீர்கள். கால்சியம் குறைந்தால் கால் வளையும், தாடை ரப்பர்போல் ஆகும். வளைந்த எலும்பு நிமிராது.

உங்கள் ஊருக்கு ஒரு வசதி உண்டு: பட்டுப்புழு. மென்மையானது, கொழுப்புக் குறைவு, நீர்ச்சத்து நிறைய. பட்டு விவசாயியிடம் மூன்றாம் பருவப் புழு (இருமுறை தோலுரித்தது) வாங்குங்கள். தோலுரிப்புக்குப் பின் தட்டில் கிருமிநாசினித் தூள் தூவுவார்கள். அதற்கு முன்னரே கேட்டு எடுங்கள். மருந்தடிக்காத மல்பெரி இலையில் இரண்டு நாள் வைத்துவிட்டுப் போடலாம்.

பின்னங்கால் குதியில் சிறு முள் இல்லையென்றால் உங்களுடையது பெண். துணையில்லாமலேயே முட்டை வைக்கும். தீனி மிஞ்சினால் முட்டையும் மிஞ்சி உயிருக்கே ஆபத்தாகும். ஓரடி ஆழத்துக்கு ஈரமணல் நிரப்பிய தொட்டியைக் கூண்டிலேயே வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் 35 டிகிரி தாண்டி, நிறம் வெளுத்து வாயைப் பிளந்தால் குளிர்காயும் விளக்கை அணைத்து நிழலுக்கு மாற்றுங்கள்.

வாசகர், பென்னாகரம்: வேலியில் ஒரு பச்சோந்தி கிடைத்தது. பையன் வளர்க்க ஆசைப்படுகிறான்.

நம் காட்டுப் பச்சோந்தி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. வீட்டில் வைத்திருப்பது குற்றம். ஒரு குச்சியில் ஏறவிட்டு, எடுத்த வேலியிலேயே விடுங்கள், பையன் கூட நின்று பார்க்கட்டும். அடிபட்டிருந்தால் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். மேலே சொன்ன ஏமன் இனத்தையும் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். விற்றவரின் ரசீதை மட்டும் வைத்திருந்தால் போதாது.