பஸ்ஸில் போட்ட கையெழுத்தும் ஜேட் வளையலும்

கேள்வி: நாங்கள் கிள்ளானில் இருக்கிறோம். பள்ளி விடுமுறையில் மாமியார், கணவர், நாத்தனார், இரண்டு பிள்ளைகள், நான் என ஆறு பேர் இங்குள்ள சுற்றுலா நிறுவனம் ஒன்றின் குழுவோடு சீனாவின் யுன்னான் மாகாணத்துக்குப் போனோம். தலைக்கு 3,200 ரிங்கிட், பதிவு என் பெயரில். முதல் நாள் காலை குன்மிங்கில் இறங்கியதும் ஷிலின் கற்காடு என்று பயணத் திட்டத்தில் இருந்தது. அங்கே வந்த வழிகாட்டி பஸ்ஸில் எல்லார் பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டார். சீன மொழியில் அச்சடித்த ஒரு தாளில் "வருகைப் பதிவுதான்" என்று சொல்லிக் கையெழுத்தும் வாங்கினார். பஸ் போய் நின்றது ஒரு ஜேட் கடையில். மூன்று மணி நேரம் வெளியே விடவில்லை. கற்காட்டுக்குக் கடைசிவரை போகவே இல்லை. மாமியார் 12,800 யுவானுக்கு ஒரு வளையல் வாங்கினார். பணம் என் கடன் அட்டையில் போனது. ஊர் திரும்பி 16 நாள் ஆகிறது. நிறுவனத்தைக் கேட்டால், "அது அங்குள்ள ஏஜெண்டின் வேலை, நீங்களும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். உங்களிடம் 14 நாள்தான் இருக்கிறது.

சீனாவின் சுற்றுலாச் சட்டம் 2013 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளது. அந்நாட்டு எல்லைக்குள் நடக்கும் சுற்றுலாவுக்கு அது பொருந்தும். பயணி எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை. அதன் 35ஆவது பிரிவு உங்களுக்காகவே எழுதியது போல இருக்கும். சுற்றுலா நிறுவனம் பயணிகளைக் குறிப்பிட்ட கடைக்குக் கூட்டிப்போகவோ, அதற்குக் கமிஷன் வாங்கவோ கூடாது. மீறினால், பயணம் முடிந்த 30 நாளுக்குள் பொருளைத் திருப்பித் தரும் வேலையை அந்த நிறுவனமே பார்க்க வேண்டும், பணத்தைக் கடைக்காக முன்கூட்டியே தரவும் வேண்டும் என்று பயணி கேட்கலாம். ஆகவே இன்றைக்கே உங்கள் நிறுவனத்துக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் எழுதுங்கள். 35ஆவது பிரிவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவர்களுடைய சீன ஏஜெண்ட் மூலம் வளையலைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் திட்டிவிட்டு ஆறிப்போவது நம்மவர் வழக்கம். அது போதாது.

சரி, அந்தக் கையெழுத்து? அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு. இரு தரப்பும் பேசி ஒத்துக்கொண்டாலோ, பயணியே கேட்டாலோ கடைக்குப் போகலாம். அப்போதும் மற்றப் பயணிகளின் திட்டம் கெடக்கூடாது. முதல் நாளே, தூக்கக் கலக்கம் தீராத நேரத்தில் அந்தத் தாள் நீட்டப்பட்டது இதற்காகத்தான். ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று பொய் சொல்லி, படிக்கத் தெரியாத மொழியில் வாங்கிய கையெழுத்தை இரு தரப்பும் பேசி ஒத்துக்கொண்டதாக எப்படிச் சொல்வது? போதாததற்கு கற்காடும் பறிபோயிருக்கிறது. திட்டத்தை நிறுவனம் தன்னிச்சையாக மாற்றக்கூடாது என்று 69ஆவது பிரிவு தனியாகச் சொல்கிறது. அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

பாஸ்போர்ட் விஷயத்தையும் விடாதீர்கள். வெளிநாட்டவரை ஹோட்டலில் பதிய பாஸ்போர்ட் தேவைதான். ஆனால் 16 வயது நிரம்பிய வெளிநாட்டவர் அதைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது சீனக் குடிநுழைவுச் சட்டம். கடையில் நின்ற மூன்று மணி நேரமும் அதை வழிகாட்டி வைத்திருந்ததற்கு ஹோட்டலைக் காரணம் காட்ட முடியாது.

யுன்னானுக்கு இது புதிதும் அல்ல. 2015இல் பொருள் வாங்காத பயணிகளை ஒரு வழிகாட்டி பஸ்ஸிலேயே ஏசிய காணொளி அந்த நாட்டையே உலுக்கியது. 2017இல் மாகாண அரசு 22 கட்டுப்பாடுகள் கொண்டுவந்து இப்படிப்பட்ட கடைச் சுற்றுலாவையே தடை செய்தது. "அங்கே எல்லாம் அப்படித்தான்" என்று நிறுவனம் சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள்.

வளையலை ஒரு ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் காட்டுங்கள். ஜேட்டில் ஏ என்றால் இயற்கை. பி என்றால் அமிலத்தில் வெளுத்துப் பிசின் ஏற்றியது. சி என்றால் சாயம் போட்டது. கடை ஏ என்று சான்றிதழ் தந்து, சோதனையில் பி என்று வந்தால் உங்கள் வங்கியில் அட்டைப் பணத்தைத் திரும்பக் கேட்கும் மனு வலுவாகும். அசல் ஏதான், விலைதான் கொள்ளை என்றால் வங்கி அசையாது. அப்போதும் 30 நாள் உரிமை அப்படியே இருக்கும். அது கடைக்குக் கூட்டிப்போனதற்கான உரிமை, கல்லின் தரத்தைப் பொறுத்ததல்ல.

"ஏஜெண்டின் வேலை" என்ற பேச்சு இங்கே எடுபடாது. நீங்கள் பணம் கட்டியது கிள்ளானில், ஒப்பந்தம் இந்த நிறுவனத்தோடு. மலேசியப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, 53ஆவது பிரிவின்படி சேவையைத் தகுந்த கவனத்தோடு தரும் பொறுப்பு அவர்களுடையது. "திட்டம் முன்னறிவிப்பின்றி மாறலாம்" என்று ரசீதின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும். இந்தச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு, அதைக் காட்டலாம்.

30 நாளுக்குள் அவர்கள் அசையவில்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம். வரம்பு 50,000 ரிங்கிட், மனுக் கட்டணம் 5 ரிங்கிட், கால வரம்பு மூன்று ஆண்டு. கட்டிய 19,200 ரிங்கிட்டையும் கேட்காதீர்கள். மற்ற நாள்களில் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு முழுப் பணத்தையும் கேட்டால் நடுவர் உங்களைச் சந்தேகமாகப் பார்ப்பார். இழந்த முதல் நாளின் பங்கு, கற்காட்டு நுழைவுக் கட்டணம், வளையல் விலை, இவ்வளவு போதும். தீர்ப்புக் கிடைத்த 14 நாளில் அவர்கள் பணம் தராவிட்டால் அது குற்றம்.

அங்கே வழக்கறிஞரை அழைத்துப் போக முடியாது, சட்டத்தில் இடமில்லை. மாமியாரை அழைத்துப் போங்கள். அந்தத் தாளை நீட்டியபோது வழிகாட்டி என்ன சொன்னார் என்பதை அவரே சொல்லட்டும்.