அம்மாவுக்காகச் சிஸ்டர்கள் மனு போடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது. ஏற்காட்டில் நாகலூர் பக்கம், மலையாளி என்ற மலைவாழ் பழங்குடிச் சமூகம். இருந்த காப்பித் தோட்டத்தை அண்ணன் பேருக்கு தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது அண்ணன் அவரை வீட்டை விட்டு அனுப்பிவிட்டார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, மூட்டுவலி வேறு. பக்கத்தில் கிறிஸ்தவ கன்னியாஸ்திரீகளான சிஸ்டர்கள் நடத்தும் உதவி மையத்தில், ‘நாங்களே மனு போடுகிறோம்’ என்கிறார்கள். ‘அங்கே கைநாட்டு வைத்தால் மதம் மாற்றிவிடுவார்கள், எஸ்.டி. சான்றிதழும் போய்விடும்’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். வக்கீல் வைக்க எனக்கு வசதியில்லை. என்ன செய்யட்டும்? (வாசகி, சேலம்)

பதில்: உங்கள் சொந்தக்காரர்களின் பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். மனுவில் கைநாட்டு வைப்பதற்கும் மதத்துக்கும் சம்பந்தமே இல்லை. பழங்குடியினர் பட்டியலுக்கு மத நிபந்தனையும் கிடையாது. சேலம் மாவட்ட மலையாளிகள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் பட்டியலில்தான் இருக்கிறார்கள். பட்டியல் சாதியினருக்கு 1950ஆம் ஆண்டு ஆணைப்படி மதம் குறுக்கே வரும். அந்தக் கதையை யாரோ உங்களுக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

இனி மனு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007இன்படி அம்மா அண்ணனிடம் மாதப் பராமரிப்புத் தொகை கேட்கலாம். அதை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் தலைவர் வருவாய் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. அந்தத் தீர்ப்பாயத்துக்குப் போக வக்கீல் கட்டாயமில்லை. ஆக, வக்கீலுக்குப் பணமில்லை என்ற கவலை இந்தக் கட்டத்தில் வேண்டாம்.

சிஸ்டர்களுக்கு அங்கே இடம் உண்டா? உண்டு. மனுதாரரால் இயலாதபோது, அவர் அதிகாரம் அளித்த நபரோ அமைப்போ மனு செய்யலாம் என்கிறது 5ஆம் பிரிவு. அமைப்பு என்றால் சட்டப்படி பதிவான தன்னார்வச் சங்கம். கோவில் நடத்தினாலும், ஜமாத் நடத்தினாலும், சர்ச் பங்கு நடத்தினாலும் ஒன்றுதான். அதனால் அதிகாரக் கடிதத்தை சிஸ்டர் பெயருக்கு எழுதாமல் சங்கத்தின் பெயருக்கு, பதிவு எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். சிஸ்டரை நாளைக்கு வேறு ஊருக்கு மாற்றிவிட்டால் மனு அந்தரத்தில் நிற்கக் கூடாது பாருங்கள்.

கடிதத்தில் ‘இந்தப் பராமரிப்பு மனுவைத் தாக்கல் செய்து நடத்த’ என்று மட்டும் இருக்கட்டும். நிலத்தை விற்க, அடமானம் வைக்க, சமரசம் பேச என்று ஒரு சொல்கூட வேண்டாம். எல்லாவற்றுக்கும் அதிகாரம் தரும் ‘பொது பவர்’ என்று முத்திரைத்தாள் நீட்டினால், நீட்டுவது யாராக இருந்தாலும் வாங்காதீர்கள். வெற்றுத்தாளில் கைநாட்டும் கூடாது. எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டி, ‘வாசிக்கக் கேட்டுப் புரிந்துகொண்டேன்’ என்ற வரியைச் சேர்த்தபின் வைக்கட்டும். அசல் பத்திரங்கள் உங்களிடமே இருக்கட்டும், நகல் போதும்.

ஜெபத்துக்கு வந்தால்தான் உதவி என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால் பராமரிப்பு அலுவலரே அம்மா சார்பில் நிற்பார். 18ஆம் பிரிவு அதற்குத்தான். ஆனால் என் அனுபவத்தில், அலுவலரைவிட இப்படிப்பட்ட மையங்கள் கூடுதலாகச் செய்வது ஒன்று உண்டு. வாய்தா நாளில் கிழவியை பஸ் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவு இறக்கி, கோட்டாட்சியர் அலுவலகத்தில் உட்காரவைத்து, மதியச் சோறு வாங்கிக் கொடுத்துத் திரும்பக் கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும். பாதி மனுக்கள் இந்த ஆள் இல்லாமல்தான் சாகின்றன. மீதிப் பாதி ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் முன்னால் ‘சமாதானம்’ ஆகிவிடுகின்றன.

தோட்டம் திரும்ப வருமா என்பது பத்திரத்தைப் பொறுத்தது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்காவிட்டால், மோசடியாக வாங்கியதாகக் கருதி அதைச் செல்லாததாக்கலாம். இது 23ஆம் பிரிவு. சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் எடுத்து அந்த வரி இருக்கிறதா பாருங்கள். அண்ணன் தனித்தாளில் ‘கடைசிவரை பார்த்துக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் தேடியெடுங்கள். 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் உச்ச நீதிமன்றம், பத்திரத்தோடு அப்படியொரு உறுதிமொழித் தாளையும் சேர்த்துப் பார்த்துத்தான் தாய்க்குச் சொத்தைத் திருப்பிக் கொடுத்தது.

நிபந்தனை எதுவுமே இல்லையென்றால் உரிமையியல் நீதிமன்றம் போக நேரிடலாம். அங்கே வக்கீல் வேண்டும். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண், பழங்குடி என்ற இரண்டில் ஒன்றே இலவச வக்கீலுக்குப் போதும், வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். சட்ட உதவி எண் 15100க்கு போன் செய்தும் விவரம் கேட்கலாம்.

உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. சட்டத்தின் பார்வையில் மகளும் பிள்ளைதான். ‘தங்கச்சியும் கொடுக்கட்டும்’ என்று அண்ணன் உங்களையும் மனுவில் சேர்க்கலாம், அதற்கு இடமிருக்கிறது. உங்கள் சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ரசீது, தோட்டம் அண்ணன் கையில் இருப்பதைக் காட்டும் பட்டா நகல் மூன்றையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

நோட்டீஸ் அண்ணன் கைக்குப் போய்ச் சேர்ந்த 90 நாளில் மனுவை முடிக்க வேண்டும், மிஞ்சினால் ஒரே தடவை 30 நாள் நீட்டிக்கலாம். உத்தரவு வந்தபின் அண்ணன் ஏதாவது ஒரு மாதம் பணம் தராவிட்டால், அது தர வேண்டிய தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வசூல் மனு போட்டுவிடுங்கள். தாண்டினால் அந்த மாதத்துப் பணத்துக்கு வாரண்ட் கேட்க முடியாது.