திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, சித்தூர் ஏன் வரவில்லை?

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது, திருத்தணி உட்படச் சித்தூர் மாவட்டம் முழுவதும் அங்கே போனது. மாவட்டத்தை மொத்தமாகக் கணக்கிட்டால் தெலுங்கு பேசுவோரே அதிகம். தெற்கு ஓரத்தில் நிலைமை வேறு. ம.பொ.சி. முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டம் வலுத்ததற்கு இதுவே காரணம்.

பிறகு இரு மாநிலங்களுக்கும் நடுவராக இருந்து எல்லையை ஆராய்ந்த எச். வி. படாஸ்கர் கிராமத்தையே அலகாகக் கொண்டார். எந்த மொழிக்குப் பெரும்பான்மை, நிலத்தொடர்ச்சி உண்டா என்று பார்த்தார். என் பார்வையில் நியாயமான வழிதான், ஆனால் நகரிப் பக்கம் வசிக்கும் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் ஆந்திரப் பக்கமே தங்கிவிட்டோம்.

1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. பதிலுக்குச் சத்தியவேடு பகுதி ஆந்திராவுக்குப் போனது. தேர்வுக்குப் படிப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் மறக்கிறார்கள்.