கைப்பேசி கேள்வி – பதில்: பிளே ஸ்டோர் இல்லாத போனை வாங்கலாமா?

கேள்வி: கொழும்பில் வேலை செய்யும் மகன், பாவித்த ஹுவாவி போன் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, வாங்கி அனுப்பவா என்று கேட்கிறான். அதில் பிளே ஸ்டோர் இல்லையாம். பிறகு போட்டுக்கொள்ள முடியாதா?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: முதலில் மாடலைக் கேளுங்கள். 2019 மே மாதம் அமெரிக்கா ஹுவாவியை வர்த்தகத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அதனால் அமெரிக்க நிறுவனமான கூகுள், ஹுவாவியின் புதிய போன்களுக்குத் தன் சேவைகளைக் கொடுக்க முடியாமல் போனது. தடைக்கு முன் வந்த பி30இல் பிளே ஸ்டோர் உட்படக் கூகுள் சேவைகள் உண்டு. அதே ஆண்டு செப்டெம்பரில் வந்த மேட் 30இல் இல்லை.

"போட்டுத் தருகிறேன்" என்று கடைக்காரர் சொல்வார். போடலாம், நிலைக்காது. பிளே ஸ்டோருக்குப் பின்னால் 'பிளே சர்விசஸ்' என்றொரு மென்பொருள் இருக்கிறது. அறிவிப்புகள், இருப்பிடம், கூகுள் கணக்கு எல்லாம் அதன் கையில். வட்ஸ்அப்பை அதன் சொந்த இணையத்தளத்திலிருந்தே இறக்கலாம். ஆனால் பிளே சர்விசஸ் இல்லாதபோது செயலியே பின்னணியில் தொடர்பைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். பெட்டரி சேமிப்பு அதை நிறுத்திவிட்டால், போனைத் திறந்த பிறகுதான் செய்திகள் மொத்தமாக வந்து விழும். நாமோ மலையையும் டவரையும் திட்டிக்கொண்டிருப்போம். சில வங்கிச் செயலிகள் கூகுள் சான்று இல்லாத போனில் திறக்கவே மறுக்கும்.

எந்த அன்ட்ரொய்ட் போனானாலும் காசு கொடுக்குமுன் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உள்ள படத்தைத் தொட்டு, அமைப்புகளில் 'பற்றி' என்ற பகுதியைப் பாருங்கள். சாதனம் சான்று பெற்றதா என்று அங்கே எழுதியிருக்கும். பிறகு *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்ஈஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்), ஐஎம்ஈஐ என்ற ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, எண் என்ற வரிசையில் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பிச் சரிபாருங்கள். விற்பவர் தன் கூகுள் கணக்கை உங்கள் முன்னிலையிலேயே நீக்கிவிட்டு ரீசெட் செய்து தரட்டும். நீக்காமல் ரீசெட் செய்த போன் பழைய சொந்தக்காரரின் கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளக்கூடும்.

கேள்வி: அன்ட்ரொய்ட் இலவசம் என்கிறார்கள். அப்படியிருந்தும் எல்லாக் கொம்பனிகளும் கூகுளுக்கு ஏன் கட்டுப்படுகின்றன?
– வாசகர், ஹட்டன்

பதில்: இலவசமாகக் கிடைப்பது அடிப்படைக் குறிமுறை மட்டுமே. பிளே ஸ்டோருக்குக் கூகுளுடன் ஒப்பந்தம் வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் கூகுள் தேடலையும் குரோமையும் சேர்த்தே ஏற்றச் சொன்னார்கள். அன்ட்ரொய்டை மாற்றியமைத்த வேறு போன் எதையும் விற்கக்கூடாது என்றும் கட்டினார்கள். இதற்காக ஐரோப்பிய ஆணைக்குழு 2018இல் 434 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2022இல் நீதிமன்றம் அதை 412.5 கோடியாகக் குறைத்தது.

வருமானம் தேடல் விளம்பரத்தில் இருக்கிறது. அதனால்தான் எதிராளியான அப்பிளுக்கும், ஐபோனின் இணைய உலாவியான சபாரியில் தன் தேடல் முதலில் நிற்பதற்காக, 2022இல் மட்டும் 2,000 கோடி டொலர் கொடுத்தது கூகுள். எதிரிக்கே வாடகை!

கேள்வி: விண்டோஸ் போன் வேகமாக இருந்ததே, ஏன் மறைந்தது?
– வாசகர், தலவாக்கலை

பதில்: செயலிகள் வரவில்லை. ஆட்கள் குறைவு என்று செயலி எழுதுபவர்கள் ஒதுங்கினார்கள். செயலி இல்லை என்று ஆட்கள் வாங்கவில்லை. கூகுள் தன் யூடியூப் செயலியைக்கூடக் கொடுக்கவில்லை. மைக்ரோசொப்டும் தன் காலில் தானே வெட்டிக்கொண்டது: விண்டோஸ் போன் 7 வாங்கியவர்களுக்கு 2012இல் வந்த 8ஆம் பதிப்பு கிடைக்கவில்லை. அன்ட்ரொய்ட் சும்மா கிடைத்த காலத்தில் தயாரிப்பாளர்களிடம் உரிமக் கட்டணமும் வாங்கியது. சிறிய திரை உள்ள சாதனங்களுக்கு அந்தக் கட்டணத்தை நீக்கியது 2014இல்தான். அதே ஆண்டு நொக்கியாவின் போன் பிரிவை வாங்கி முடித்து, அடுத்த ஆண்டே 760 கோடி டொலரை நட்டக் கணக்கில் எழுதியது.

கேள்வி: ஏழு வருட அப்டேட் என்று விளம்பரம் வருகிறதே?
– வாசகி, பண்டாரவளை

பதில்: கூகுள் பிக்சல் 8, சாம்சுங் எஸ்24 வரிசைகளுக்கு உண்மை. மலிவு மாடல்களுக்கு அவ்வளவு கிடைக்காது. அந்த வருடங்களைப் போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுங்கள், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. கடையில் போனைக் கையில் வாங்கியதும் அமைப்புகளில் 'பாதுகாப்பு புதுப்பிப்பு' திகதியைப் பாருங்கள். வைஃபையில் இணைத்துப் புதுப்பித்த பிறகும் அது ஒரு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால், விலையை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.